லாக்-இசட் சுண்டெலிகள்: நீலம் வராதபோதும், வேண்டாத இடத்தில் வரும்போதும் என்ன பார்ப்பது

ஒரு மரபணு எந்தத் திசுவில், எந்த நாளில் இயங்க வேண்டும் என்று முடிவு செய்யும் டிஎன்ஏ துண்டைத்தான் என்ஹான்சர் என்கிறோம். சந்தேகப்படும் துண்டை எச்எஸ்பி68 குறும் புரோமோட்டருக்கும் (மரபணு வாசிப்பைத் தொடக்கும் டிஎன்ஏ பகுதி), பீட்டா-கேலக்டோசிடேஸ் நொதியைத் தரும் லாக்-இசட் என்ற பாக்டீரியா மரபணுவுக்கும் முன்னால் ஒட்டி, கருவுற்ற சுண்டெலி முட்டைக்குள் செலுத்தி, 11.5 நாள் கருவை எக்ஸ்-கேல் சாயத்தில் போட்டால், துண்டு வேலை செய்யும் இடத்தை அந்த நொதி நீலமாக்கும். முறை பழையது, ஆனால் சரியாகச் செய்தால் ஏமாற்றாது. இப்படிச் செலுத்திய டிஎன்ஏ-வை டிரான்ஸ்ஜீன் என்றும், அதை வழிவழியாகக் கடத்தும் எலிப் பரம்பரையை லைன் என்றும் சொல்வோம். பிழை வரும்போது பலரும் உடனே "டிரான்ஸ்ஜீன் தவறான இடத்தில் செருகியிருக்கும்" என்று முடிவு கட்டி லைனையே கைவிடுகிறார்கள். ஃபிக்சர் (திசுவைப் பதப்படுத்தும் கரைசல்), பிஎச், பிசிஆர் (டிஎன்ஏ-வைப் பெருக்கிக் காணும் சோதனை) மூன்றையும் பார்க்காமல் அந்த முடிவுக்குப் போகாதீர்கள். ஓர் எலி லைனை உருவாக்க மாதக்கணக்கில் ஆகும். புதிய சாயக் கரைசல் தயாரிக்க அரை மணி நேரம் போதும்.

எந்த அறிகுறியைத் துரத்தினாலும் ஒவ்வொரு சாயச் சுற்றிலும் மூன்று கருக்கள் இருக்க வேண்டும். உடல் முழுக்க நீலமாகும் ரோசா26 லாக்-இசட் கரு ஒன்று, அதே வயதுள்ள காட்டு வகைக் கரு (டிரான்ஸ்ஜீன் இல்லாதது) ஒன்று, பிறகு உங்கள் கரு. மூன்றுக்கும் ஒரே ஃபிக்சர், ஒரே கரைசல், ஒரே நேரம். முதல் இரண்டும் இல்லாமல் எடுத்த படத்தை வைத்து எந்தக் காரணத்தையும் பிரித்தறிய முடியாது.

## அறிகுறி 1: எந்தக் கருவிலும் நீலம் இல்லை

### ரோசா26 கருவும் நீலமாகவில்லை என்றால்

கோளாறு கரைசலில் அல்லது ஃபிக்சரில். எலியைத் தொட வேண்டியதில்லை.

முதலில் கரைசலைத் தனியாகச் சோதியுங்கள். ஐபிடிஜி (லாக்-இசட்டை இயக்கிவிடும் பொருள்) சேர்த்து வளர்த்த, லாக்-இசட் உள்ள பாக்டீரியாவை ஒரு துளி குளோரோஃபார்ம் விட்டு உடைத்து, 200 மைக்ரோலிட்டர் சாயக் கரைசலில் கலந்து 37 °செ-யில் வையுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் நீலம் வராவிட்டால் கரைசலைக் கொட்டிவிட்டுப் புதிதாகத் தயாரியுங்கள்:

- பொட்டாசியம் ஃபெரிசயனைடு 5 மில்லிமோலார்
- பொட்டாசியம் ஃபெரோசயனைடு 5 மில்லிமோலார்
- மக்னீசியம் குளோரைடு 2 மில்லிமோலார்
- சோடியம் டிஆக்சிகோலேட் 0.01%
- என்பி-40 0.02%
- எக்ஸ்-கேல் மி.லி.க்கு 1 மி.கி.
- எல்லாம் பிஎச் 7.3 உள்ள பிபிஎஸ்ஸில் (ஃபாஸ்ஃபேட் பஃபர் உப்புக் கரைசல்)

எக்ஸ்-கேல் ஸ்டாக்கை டைமெத்தில் ஃபார்மமைடில் மி.லி.க்கு 40 மி.கி. என்ற அளவில் கரைத்து, ஃபாயில் சுற்றி −20 °செ-யில் வையுங்கள். குழாய் பாலிபுரோப்பிலீன் அல்லது கண்ணாடியாக இருக்கட்டும். பாலிஸ்டைரீனை இந்தக் கரைப்பான் அரித்துவிடும். மஞ்சள் ஏறிய ஸ்டாக் வேண்டாம். மக்னீசியத்தை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. எலும்புத் திசுவை ஈடிடிஏ-வில் சுண்ணாம்பு நீக்கியபின் சரியாகக் கழுவாமல் சாயமிட்டாலும் இதே விளைவுதான், ஏனென்றால் மிச்சமிருக்கும் ஈடிடிஏ மக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ளும்.

கரைசல் நன்றாக இருந்தால் ஃபிக்சரைப் பாருங்கள். 4% பாராஃபார்மால்டிஹைடில் இரவு முழுக்க வைத்த கருவில் நொதி பெரும்பாலும் செத்திருக்கும். 9.5 நாள் கருவுக்குப் பனிக்கட்டி மேல் 15 நிமிடம், 11.5 நாள் கருவுக்கு 30 நிமிடம் போதும். 0.2% குளூட்டரால்டிஹைடு, 5 மில்லிமோலார் ஈஜிடிஏ, 2 மில்லிமோலார் மக்னீசியம் குளோரைடு கலந்த ஃபாஸ்ஃபேட் பஃபரில் நொதி இன்னும் நன்றாகத் தாங்கும். ஃபிக்ஸ் செய்தபின் மூன்று முறை, ஒவ்வொன்றும் 15 நிமிடம் கழுவுங்கள்.

மெத்தனாலில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிட்ட கரு இனி நீலமாகாது. ஆனால் வீணாகிவிடவில்லை, லாக்-இசட் ஆர்என்ஏ-வை இன் சிட்டு ஹைப்ரிடைசேஷனில் (திசுவிலேயே ஆர்என்ஏ இருக்கும் இடத்தைக் காட்டும் முறை) பார்த்துக்கொள்ளலாம்.

### ரோசா26 நீலம், உங்கள் கரு மட்டும் வெள்ளை என்றால்

இந்த வரிசையில் போங்கள்.

ஜீனோடைப், அதாவது கருவில் டிரான்ஸ்ஜீன் உண்டா என்பது. நீலமில்லாத அந்தக் கருவின் சொந்த முட்டைக்கரு உறையிலிருந்து எடுத்த டிஎன்ஏ-வில் டிரான்ஸ்ஜீன் பேண்ட் (பிசிஆர் ஜெல்லில் தெரியும் கோடு) இருக்கிறதா? ஈற்றில் யாரோ ஒருவர் பாசிட்டிவ் என்பது போதாது. குழாய் எண்ணும் கிணற்று எண்ணும் மாறிப்போவதற்கு வாய்ப்பு அதிகம்.

வயது. பிளக் (இணைசேர்ந்ததைக் காட்டும் அடைப்பு) கண்ட நாள் நண்பகலை 0.5 என்று வைக்கிறோம், ஆனால் ஒரே ஈற்றிலேயே கருக்கள் அரை நாள் முன்பின் இருக்கும். சில என்ஹான்சர்கள் ஒரு நாள் மட்டுமே இயங்கும். காலண்டரை நம்பாமல் சோமைட்டை (கருவின் முதுகு நெடுக ஜோடி ஜோடியாக உருவாகும் திசுத் துண்டங்கள்) எண்ணுங்கள், 9.5 நாள் கருவில் ஏறக்குறைய 21 முதல் 29 ஜோடி இருக்கும். ஒரு நாள் முன்னும் ஒரு நாள் பின்னும் கருக்களை எடுத்துப் பாருங்கள்.

கட்டமைப்பு. செலுத்திய அதே டிஎன்ஏ தயாரிப்பை முழுதும் சீக்வென்ஸ் செய்யுங்கள். லாக்-இசட் தொடக்கத்தில் ஓர் எழுத்து விடுபட்டிருந்தாலும் முழு உழைப்பும் போச்சு. முடிவில் பாலிஏ சிக்னல் (ஆர்என்ஏ-வைச் சரியாக முடித்துவைக்கும் வரிசை) இருக்கிறதா? சிடிஎன்ஏ வகைக் கட்டமைப்பானால் (இன்ட்ரான் இல்லாத, ஆர்என்ஏ-விலிருந்து எடுத்த வரிசை) இன்ட்ரான் ஒன்றைச் சேர்ப்பது வெளிப்பாட்டைத் தெளிவாகக் கூட்டும். 1988 முதல் டிரான்ஸ்ஜெனிக் எலிகளில் தெரிந்த விஷயம் இது.

பிளாஸ்மிட் முதுகெலும்பு. செலுத்துவதற்கு முன் பிளாஸ்மிட் (டிஎன்ஏ-வைப் பெருக்க உதவிய பாக்டீரியா வளைய டிஎன்ஏ) பகுதியை வெட்டி நீக்கினீர்களா? பாக்டீரியா வரிசை ஒட்டிக்கொண்டிருந்தால் எலிக்குள் டிரான்ஸ்ஜீன் அடங்கிப்போகும். 1980-களின் நடுவில் குளோபின் எலிகளில் கண்டது, இன்றும் அப்படியே பொருந்தும்.

எப்போது வெளியே கேட்பது: சீக்வென்ஸ் சரி, மூன்று தனித்தனிப் பாசிட்டிவ் கருக்களும் வெள்ளை, ரோசா26 நீலம் என்றால், துண்டுக்கு அந்த வயதில் என்ஹான்சர் வேலை இல்லை என்று எழுதிவிடலாம். அதே துண்டை மறுபடி செலுத்தும் முன் டிரான்ஸ்ஜெனிக் மையத்தில் உள்ளவர்களிடம் டிஎன்ஏ-வின் அடர்த்தியையும் தூய்மையையும் பார்க்கச் சொல்லுங்கள். மைக்ரோலிட்டருக்கு 1 முதல் 2 நானோகிராம் என்பது வழக்கமான அளவு. பஃபரில் ஈடிடிஏ 0.1 முதல் 0.25 மில்லிமோலாருக்குள் இருக்க வேண்டும், கூடினால் முட்டை பிழைக்காது.

## அறிகுறி 2: காட்டு வகையிலும் நீலம்

சுண்டெலிக்குச் சொந்தமாகவே ஒரு பீட்டா-கேலக்டோசிடேஸ் லைசோசோமுக்குள் இருக்கிறது. அதற்கு அமிலச் சூழல் பிடிக்கும், பாக்டீரியா நொதிக்கு நடுநிலைக்கு மேல் பிடிக்கும். இந்த வேறுபாட்டைத்தான் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

- பிஎச்சை மீட்டரில் அளந்து பாருங்கள். தாளில் பார்த்தது கணக்கில் சேராது. 7.3-க்குக் கீழே இறங்கியிருந்தால் அதுவே காரணம். வளர்ந்த எலியின் திசுவானால் 8.0 வரை ஏற்றலாம். டிரிஸ் பஃபர் பயன்படுத்துவோர் கவனிக்க: அறை வெப்பத்தில் சரிசெய்த பிஎச், 37 °செ-யில் சுமார் 0.3 குறையும்.
- நேரத்தையும் வெப்பத்தையும் குறையுங்கள். 37 °செ-யில் இரவு முழுக்க விடாமல், 4 மணி நேரத்தில் ஒரு படம் எடுத்து, பிறகு 30 °செ-க்கோ அறை வெப்பத்துக்கோ மாற்றுங்கள். டிரான்ஸ்ஜீனின் நீலம் முதலில் எழும், பின்னணி தாமதமாக ஏறும். இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியும்.
- இடத்தைப் பாருங்கள். சிறுநீரகக் குழல்கள், எபிடிடிமிஸ், குடல், ஆஸ்டியோகிளாஸ்ட் (எலும்பைக் கரைக்கும் செல்), மேக்ரோஃபேஜ் (கழிவை விழுங்கும் செல்) ஆகியவை காட்டு வகையிலும் நீலமாகும் இடங்கள். உங்கள் என்ஹான்சர் சிறுநீரகத்துக்கானது என்றால் எக்ஸ்-கேலை மட்டும் நம்பக் கூடாது.
- குழிகளில் தேங்கும் நீலம். மூளை அறைகளுக்குள்ளும் காதுப் பைக்குள்ளும் மங்கலான நீலம் சீராகப் பரவியிருந்தால் அது உள்ளே சிக்கிய கரைசல். 11.5 நாள் கருவில் பின்மூளைக் கூரை கண்ணாடித் தாள் போல மெல்லியதாக இருக்கும். ஃபிக்ஸ் செய்யும் முன் அந்த இடத்தை நுண் இடுக்கி முனையால் மெல்லக் குத்திவிடுங்கள். உள்ளே போகும் கரைசல் வெளியேயும் வரும்.

எப்போது வெளியே கேட்பது: பிஎச் 8.0-இலும் காட்டு வகை நீலமாகிறது என்றால், பாக்டீரியா நொதியை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடியோடு திசு ஆய்வுக் கூடத்துக்குப் போங்கள். அடுத்த கட்டமைப்பில் கருவணுவுக்குப் போகும் சிக்னல் சேர்த்த லாக்-இசட்டை வைத்துவிட்டால் புள்ளி நீலத்தையும் பரவல் நீலத்தையும் கண்ணாலேயே பிரித்துவிடலாம்.

## அறிகுறி 3: மேல்தோல் மட்டும் நீலம், அல்லது ஊசி ஊசியாகப் படிகம்

13.5 நாளுக்குப் பிறகு கரைசல் உள்ளே ஊடுருவுவது கடினம். கருவை நடுவில் நீளவாக்கில் வெட்டி இரண்டு பாதியாகச் சாயமிடுங்கள், அல்லது உறைவெட்டுகளில் சாயமிடுங்கள்.

படிகம் விழுவது பெரும்பாலும் குளிர்ந்த கரைசலில் எக்ஸ்-கேலைக் கொட்டுவதால். கரைசலை 37 °செ-க்குச் சூடாக்கி, கலக்கிக்கொண்டே சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, 0.45 மைக்ரான் வடிகட்டியில் விடுங்கள். விளிம்பு கலங்கி நிறம் பரவினால் இரண்டு சயனைடுகளையும் 20 மில்லிமோலார் வரை கூட்டலாம். நீலம் பிறந்த இடத்திலேயே நிற்கும், கொஞ்சம் மங்கும்.

பாரஃபினில் புதைக்கும்போது நீலம் குறைந்தால் சைலீன்தான் காரணம். நேரத்தைக் குறையுங்கள் அல்லது ஐசோபுரோப்பனாலுக்கு மாறுங்கள்.

## அறிகுறி 4: ஜீனோடைப்பிங் பிசிஆர் புரியாத விடை தருகிறது

### எல்லாமே பாசிட்டிவ்

டிரான்ஸ்ஜெனிக் கூடத்தில் இதுவே மிகவும் ஆபத்தான பிழை, ஏனென்றால் பார்ப்பதற்கு நல்ல செய்தி போல இருக்கும். எலி டிஎன்ஏ-வில் தேடும் அதே வரிசைதான் பக்கத்து மேசையில் பிளாஸ்மிடாகவும் இருக்கிறது. 8 கிலோபேஸ் பிளாஸ்மிட் 1 பிக்கோகிராமில் சுமார் 1 லட்சம் பிரதிகள் உண்டு. கையுறையில் ஒட்டியது போதும், ஒரு தட்டு முழுவதையும் பாசிட்டிவ் ஆக்கிவிடும்.

மூன்று வெற்று மாதிரிகளை ஓட்டி, எங்கே பேண்ட் வருகிறது என்று பாருங்கள்:

- தண்ணீர் மட்டும் வைத்ததில் பேண்ட்: பிசிஆர் கலவை மாசு. எல்லா அலிகாட்டையும் (பிரித்து வைத்த சிறு அளவுகள்) எறியுங்கள். பிரைமரைப் புதுத் தண்ணீரில் கரையுங்கள். பைப்பெட்டை 10% பிளீச்சில் துடைத்து யூவி-யில் வையுங்கள்.
- தண்ணீர் சுத்தம், திசு போடாத பிரிப்புப் பஃபரில் பேண்ட்: சோடியம் ஹைட்ராக்சைடு அல்லது டிரிஸ் புட்டி மாசு.
- இரண்டும் சுத்தம், காட்டு வகைத் திசுவில் பேண்ட்: கத்தரி. ஒவ்வொரு குட்டிக்கும் இடையே பிளீச், தண்ணீர், எத்தனால் என்ற வரிசையில் முக்குங்கள். எத்தனால் மட்டும் போதாது, அது டிஎன்ஏ-வை அழிக்காது.

கருவிலிருந்து எடுத்த மாதிரியானால் இன்னொரு வழி உண்டு. தாய் எலி டிரான்ஸ்ஜெனிக் என்றால் அதன் ரத்தமும் டெசிடுவாவும் (கருவைச் சூழ்ந்த தாயின் கருப்பைத் திசு) ஒட்டிக்கொண்டு எல்லாக் கருவையும் பாசிட்டிவ் ஆக்கும். டிரான்ஸ்ஜீனைத் தந்தை வழியே கொண்டுவந்து, காட்டு வகைப் பெண் எலியோடு இணைசேருங்கள். உறையை மூன்று பிபிஎஸ் துளிகளில் அடுத்தடுத்துக் கழுவிய பிறகே குழாயில் போடுங்கள்.

### எதுவுமே வரவில்லை

ஒவ்வொரு கிணற்றிலும் எலியின் சொந்த மரபணு ஒன்றுக்கான உட்கட்டுப்பாட்டு பேண்ட் இருக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் டிஎன்ஏ-வே சரியில்லை. சூடான சோடியம் ஹைட்ராக்சைடு முறையின் அளவுகள்: 2 மி.மீ. வால் நுனி, 25 மில்லிமோலார் சோடியம் ஹைட்ராக்சைடும் 0.2 மில்லிமோலார் ஈடிடிஏ-வும் கலந்தது 75 மைக்ரோலிட்டர். 95 °செ, 30 நிமிடம் முதல் 1 மணி நேரம். பிறகு 40 மில்லிமோலார் டிரிஸ், பிஎச் 5.5, அதே 75 மைக்ரோலிட்டர். திசு அதிகம் போட்டால் பிசிஆர் நின்றுபோகும். பத்து மடங்கு நீர்த்து ஓட்டிப் பாருங்கள். பல நேரம் அதிலேயே தீர்ந்துவிடும்.

உட்கட்டுப்பாடு பளிச்சென்று வந்து டிரான்ஸ்ஜீன் மங்கினால், குட்டையான உட்கட்டுப்பாட்டுத் துண்டு கலவையைத் தின்றுவிடுகிறது. அதன் பிரைமரை நான்கில் ஒன்றாகக் குறையுங்கள். உங்கள் பிசிஆருக்கு ஒற்றைப் பிரதியைக் காணும் திறன் இருக்கிறதா என்று அறிய, காட்டு வகை டிஎன்ஏ 10 மைக்ரோகிராமில் 8 கிலோபேஸ் டிரான்ஸ்ஜீன் 15 பிக்கோகிராம் கலந்து ஓட்டுங்கள். இரட்டைத்தொகுதி ஜீனோமுக்கு ஒரு பிரதி என்பது அவ்வளவுதான்.

பிசிஆர் தோற்றது என்பதற்காக அதே குட்டியின் வாலை மறுபடி வெட்டாதீர்கள். அடையாளத்துக்குக் காதில் துளையிடும் துண்டே போதும். 21 நாளைத் தாண்டிய குட்டியானால் மயக்க மருந்து இல்லாமல் வாலில் கை வைக்கக் கூடாது. இந்தியாவில் இது நிறுவன விலங்கு நெறிமுறைக் குழு அனுமதித்த நடைமுறையில் எழுதியிருக்க வேண்டிய விஷயம். சந்தேகமானால் விலங்குக் கூட மருத்துவரிடம் முதலில் பேசுங்கள்.

## அறிகுறி 5: லைனுக்கு லைன் நீலம் வேறு இடத்தில்

இங்கேதான் செருகிய இடம் உண்மையாகவே குற்றவாளியாகிறது. எச்எஸ்பி68 குறும் புரோமோட்டர் தானாக எதையும் இயக்காது, ஆனால் பக்கத்தில் இருக்கும் எந்த என்ஹான்சருக்கும் காது கொடுக்கும். எனவே லைன்களுக்குப் பொதுவான நீலம் உங்கள் துண்டின் வேலை, ஒரே ஒரு லைனில் மட்டும் வரும் நீலம் அக்கம்பக்கத்தின் வேலை என்று எடுத்துக்கொள்ளுங்கள். தனித்தனியாகச் செருகிய மூன்று கருக்களிலோ லைன்களிலோ திரும்ப வந்தால்தான் ஒரு நீலப் பாங்கை ஏற்க வேண்டும். ஒற்றை லைனின் அழகான படத்தை வைத்து முடிவெழுதுவது இந்தத் துறைக்குச் செய்யும் தீங்கு. பின்னால் வருபவர்கள் அதன் மேல் வருடங்களைக் கொட்டுவார்கள்.

பொதுவான பாங்கு எதுவுமே தெரியவில்லை என்றால், செலவு ஏறும் வரிசையில் வழிகள் இவை. இன்னும் சில கருக்களைச் செலுத்தி எடுப்பது முதலாவது. கோழி பீட்டா-குளோபின் எச்எஸ்4 இன்சுலேட்டரை இரு பக்கமும் இரட்டையாக வைப்பது அடுத்தது. அண்டை என்ஹான்சரின் குறுக்கீட்டைக் குறைக்கும், முழுதாக நிறுத்தும் என்று எதிர்பார்க்காதீர்கள். மூன்றாவது, இடத்தை நாமே தேர்ந்தெடுப்பது: 11ஆம் குரோமோசோமில் உள்ள எச்11 இடத்தில் கிரிஸ்பர் (டிஎன்ஏ-வைக் குறித்த இடத்தில் வெட்டும் முறை) கொண்டு ஒற்றைப் பிரதியாகச் செருகும் முறை 2020-இல் வெளியானது. அதில் பக்கச் சத்தம் வெகுவாகக் குறைகிறது, ஓர் எழுத்து மாற்றத்தின் விளைவைக்கூட ஒப்பிட முடிகிறது. புதிதாகத் தொடங்குபவர்கள் நேராக இதற்கே போவது நல்லது. கிரிஸ்பர் செருகலை முதல்முறை செய்வதானால் டிரான்ஸ்ஜெனிக் மையத்தின் கையில் கொடுங்கள்.

## அறிகுறி 6: ஒரே லைனில் புள்ளி புள்ளியாக நீலம்

செலுத்திய தலைமுறையிலேயே என்றால் மொசைக், அதாவது சில செல்களில் மட்டும் டிரான்ஸ்ஜீன் உள்ள கரு. டிஎன்ஏ முதல் செல் பிரிந்த பிறகு செருகியிருக்கும். கருவைப் பழிக்க வேண்டாம். அடுத்த தலைமுறை வரை பொறுங்கள்.

பெண் கருக்களில் மட்டும் திட்டுத் திட்டாக, ஆண்களில் முழுமையாக என்றால் எக்ஸ் குரோமோசோமில் செருகியிருக்கிறது. பாசிட்டிவ் ஆண் எலியைக் காட்டு வகைப் பெண்ணோடு சேருங்கள். மகள்கள் எல்லாரும் பாசிட்டிவ், மகன்கள் ஒருவர்கூட இல்லை என்றால் உறுதி.

இரு பாலிலும், ஒவ்வொரு கருவிலும் வெவ்வேறு திட்டு என்றால் இறுகிய குரோமேட்டினுக்கு அருகில் செருகியிருக்கலாம், அல்லது பல பிரதிகள் வரிசையாக அடுக்கி ஒன்றையொன்று அடக்குகின்றன. பிரதி எண்ணிக்கையைக் குறைத்தால் வெளிப்பாடு கூடுவதை 1998-இல் லாக்ஸ்-க்ரீ (குறியிட்ட டிஎன்ஏ துண்டை வெட்டி நீக்கும் முறை) கொண்டு காட்டினார்கள். க்யூபிசிஆரில் (டிஎன்ஏ அளவைக் கணக்கிடும் பிசிஆர்) பிரதி எண்ணிக்கையைப் பாருங்கள். மிக அதிகமாக இருந்து வேறு லைன் கையில் இருந்தால், குறைந்த பிரதி உள்ள லைனுக்கு மாறிவிடுங்கள்.

கலப்பு இனப் பின்னணியும் இதைச் செய்யும். முட்டையின் புரோநியூக்ளியஸ் பெரிதாக இருப்பதால் எஃப்விபி இன எலியில் செலுத்தி, பிறகு சி57பிளாக்6 இனத்துக்கு மாற்றுவது வழக்கம். பாதி வழியில் உள்ள குட்டிகளை ஒப்பிடாதீர்கள்.

## அறிகுறி 7: பாதிக் குட்டிகள் பாசிட்டிவ் ஆக வரவில்லை, அல்லது தலைமுறைக்குத் தலைமுறை மங்குகிறது

விகிதத்தை ஓர் ஈற்றில் கணிக்காதீர்கள். 8 குட்டியில் 2 அல்லது அதற்கும் குறைவாகப் பாசிட்டிவ் வருவது ஏழு ஈற்றுக்கு ஒரு முறை தற்செயலாகவே நடக்கும். 30 குட்டி சேரட்டும். அப்போதும் 8-க்குள் நின்றால் மொசைக் ஃபவுண்டர் (லைனைத் தொடங்கிய முதல் எலி) என்று கொள்ளுங்கள். அதன் பாசிட்டிவ் பிள்ளைகளிடமிருந்து 50% வரும். பாதிக்கு மேல் வந்தால் இரண்டு இடங்களில் செருகியிருக்கிறது. பிள்ளைகளைத் தனித்தனி லைனாகப் பிரித்து வளருங்கள், கலந்தால் பாங்கு புரியாது.

இரட்டைப் பிரதி எலியை (தாய், தந்தை இருவரிடமிருந்தும் செருகலைப் பெற்றது; ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் பெற்றது ஒற்றைப் பிரதி) சாதாரண பிசிஆர் காட்டாது. காட்டு வகையோடு இணைசேர்த்து 10 குட்டியும் பாசிட்டிவ் என்றால் நம்பலாம். ஒற்றைப் பிரதி எலிக்கு அது நடக்க 1024-இல் ஒரு வாய்ப்புதான். இரட்டைப் பிரதி பிறக்கவே இல்லை என்றால் செருகல் ஏதோ ஒரு மரபணுவை உடைத்திருக்கிறது. அந்த லைனை ஒற்றைப் பிரதியாகவே வைத்துக்கொள்ளுங்கள், உடைந்த மரபணுவின் விளைவை உங்கள் என்ஹான்சரின் கணக்கில் எழுதாதீர்கள்.

மங்கலுக்கு முதலில் ரோசா26 கருவின் நீலத்தை முந்தைய படங்களோடு ஒப்பிடுங்கள். அதுவும் மங்கியிருந்தால் கரைசல். இல்லையென்றால் தாய்வழி, தந்தைவழி என்று இணைசேர்க்கைப் பதிவைப் பிரித்துப் பாருங்கள். ஒரு வழியில் மட்டும் மங்கினால் மெத்திலேஷன் (மரபணுவை அடக்கும் வேதிக் குறி) பெற்றோரைப் பொறுத்து மாறுகிறது. இரு வழியிலும் மங்கினால் பிரதி எண்ணிக்கையை எண்ணி, குறையாமல் இருந்தால் பைசல்ஃபைட் முறையில் புரோமோட்டரின் மெத்திலேஷனைப் பாருங்கள். லாக்-இசட்டில் சிஜி இணைகள் நிறைய உண்டு. வளர்ந்த எலியில் அது அடங்கிப்போவது தெரிந்த பலவீனம். வளர்ந்த திசுவில் வேலை என்றால் வேறு ரிப்போர்ட்டரை (லாக்-இசட் போல அடையாளம் காட்டும் மரபணு) தேர்ந்தெடுங்கள்.

மெத்திலேஷன் உறுதியானால் இணைசேர்த்துச் சரிசெய்ய முயன்று எலிகளையும் மாதங்களையும் செலவழிக்காதீர்கள். உறைவிந்துக் கிடங்கிலிருந்து முதல் அல்லது இரண்டாம் தலைமுறை விந்தைக் கேட்டு, உடலுக்கு வெளியே கருவூட்டும் முறையில் (ஐவிஎஃப்) லைனை மீட்கச் சொல்லுங்கள். உறையவைத்த விந்து இல்லாத லைன்கள் உங்களிடம் இருந்தால், இந்த வாரமே இரண்டு ஆண் எலிகளைக் கிடங்குக்கு அனுப்புங்கள்.